தனிக் குழு துணையே!

நடுவர் ஐயா அவர்களுக்கும், சேலத்து வெயிலைப் பொருட்படுத்தாமல் அரங்கை நிறைத்திருக்கும் பெரியோர்களுக்கும் வணக்கம். எதிரணித் தலைவர் பேராசிரியர் ஐயாவுக்கு மட்டும் இரண்டு வணக்கம். ஒன்று அவருடைய வயதுக்கு. இன்னொன்று, எனக்கு வேண்டிய சான்றுகளை எல்லாம் அவரே சுமந்துவந்து இந்த மேடையில் இறக்கி வைத்துவிட்டுப் போனதற்கு.

கத்தோலிக்கத் துறவியரான இயேசு சபையார் நடத்தும் கல்லூரிகளில் உதவித்தொகை பெற்றுப் படிக்கும் மாணவர்களுக்கென்று தனிக் குழு இருப்பது துணையா, முத்திரையா? இதுதான் தலைப்பு. முத்திரை என்கிறது அந்த அணி. துணையே என்று சொல்ல வந்தவன் நான். சேர்வராயன் மலையில் நாகலூர்ப் பக்கம் பிறந்து, அரசுப் பள்ளியில் படித்து, மலையிறங்கிப் போய் அப்படியொரு கல்லூரியில் உதவித்தொகையில் பட்டம் வாங்கியவன். கல்லூரியின் பெயரைச் சொல்லப் போவதில்லை. குறை சொல்லும்போது பெயர் சொல்வது அழகல்ல. தவிர, அடுத்த ஆண்டு என் மகளுக்கு அங்கேதான் விண்ணப்பம் போடப் போகிறேன்.

பேராசிரியர் ஐயா நம்மைப் பாரிஸ் நகரத்துக்கு அழைத்துப் போனார். புனித பார்பரா பெயரில் ஒரு கல்லூரி. அதில் ஓர் அறை. அந்த அறையில், பின்னாளில் இயேசு சபையை நிறுவிய ஸ்பெயின்காரர் இஞ்ஞாசியார், ஆடு மேய்த்த குடும்பத்துப் பீட்டர் ஃபேபர், பிரபு குடும்பத்துப் பிரான்சிஸ் சவேரியார். ஏழையும் பணக்காரரும் ஒரே அறையில் தங்கியதால்தானே இயேசு சபை பிறந்தது, தனிக் குழு வைத்தா பிறந்தது என்று கேட்டார். அரங்கம் கைதட்டியது. நானும் தட்டினேன்.

ஆனால் ஐயா கதையை நடுவிலிருந்து ஆரம்பித்துவிட்டார். இஞ்ஞாசியார் அந்த அறைக்கு வந்தது 1529-ல். பாரிசுக்கு வந்தது 1528-ல். இடைப்பட்ட காலத்தில் அவர் எங்கே இருந்தார்? கையில் இருந்த பணத்தை உடன் தங்கியிருந்த ஒருவரிடம் நம்பிக் கொடுத்தார். அவர் அதைச் செலவழித்துவிட்டார். வாடகை கொடுக்க வழியில்லாமல், யாத்திரிகர்களுக்கான ஒரு தரும சத்திரத்துக்குப் போய்ச் சேர்ந்தார். வகுப்பு விடிவதற்கு முன்பே தொடங்கும். சத்திரத்துக் கதவோ விடிந்த பிறகுதான் திறக்கும். மாலை மணி அடிப்பதற்குள் திரும்பிவிட வேண்டும். சத்திரமும் தொலைவு. விளைவு, பாதி வகுப்பு போயிற்று. ஏற்காட்டிலிருந்து கடைசி பஸ்ஸைப் பிடிப்பதற்காகக் கடைசி வகுப்பைக் கைவிட்ட பிள்ளைகள் இந்த அரங்கில் இருந்தால், இயேசு சபையின் நிறுவனர் உங்கள் ஜாதி என்று தாராளமாகச் சொல்லிக்கொள்ளலாம்.

அப்புறம் என்ன செய்தார்? ஆண்டுக்கு ஒருமுறை புரூஜ் நகரத்துக்குப் போய், அங்கிருந்த ஸ்பானிய வணிகர்களிடம் கையேந்தினார். அந்தப் பணம் வந்த பிறகுதான் நிம்மதியாகப் படிக்க முடிந்தது. ஊர்க்காரன் ஊர்க்காரனைத் தாங்கினான். இதற்குத் தமிழில் வேறு பெயர் ஏதாவது இருந்தால் ஐயா சொல்லட்டும். நான் இதைத் தனிக் குழு என்றுதான் சொல்வேன்.

நடுவர் அவர்களே, உதவித்தொகை எதற்குக் கொடுக்கிறார்கள்? கல்விக் கட்டணத்துக்கு. விடுதியில் இருந்தால் அதற்கும் ஒரு பங்கு. பழகுவதற்கு யாராவது கொடுக்கிறார்களா? கல்லூரியில் பழக்கம் என்பதற்கு ஒரு விலை இருக்கிறது. கலை விழாவுக்கு ஒரே நிறத்தில் சட்டை. பிறந்தநாள் வந்தால் கேக்கில் பங்கு. சனிக்கிழமை மாலை வெளியே சாப்பாடு. துறைச் சுற்றுலா. வகுப்பறையில் எல்லோரும் சமம்தான், மறுக்கவில்லை. ஆனால் நட்பு வகுப்பறையில் முளைப்பதில்லையே, வெளியே போகிற இடத்தில்தானே முளைக்கிறது? அங்கே போகச் சில்லறை வேண்டும்.

எனக்குத் தம்பி முறையாகும் ஒரு பையன், வேறொரு கல்லூரியில் படித்தான். அவன் துறையில் சுற்றுலா ஏற்பாடு. ஊட்டியா, மூணாறா என்று வாக்கெடுப்பு நடத்தி, கடைசியில் எந்த ஊர் ஜெயித்தது தெரியுமா? ஏற்காடு! தலைக்கு அறுநூறு ரூபாய். அவனிடம் இல்லை. சொந்த ஊருக்குச் சுற்றுலா போகக் காசில்லாத ஒருவனை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? பட்டியலோடு வந்த வகுப்புத் தலைவனிடம், “நான் பார்த்த ஊர்தானே” என்றான். எல்லோரும் சிரித்தார்கள். அவனும் சிரித்தான். பிழையே கண்டுபிடிக்க முடியாத சாக்கு! தை மாதம், காப்பிப் பழம் பறிக்கிற காலம். இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறி, படகுத் துறையையும் லேடீஸ் சீட்டையும் பார்த்துவிட்டு, சேர்வராயன் கோயிலுக்குப் போன அந்த பஸ், அவனுடைய அம்மா பழம் பறித்துக்கொண்டிருந்த எஸ்டேட்டின் வேலியை ஒட்டித்தான் போயிருக்கிறது. அவன் அன்று விடுதியில் படுத்திருந்தான். இதை யார் செய்த குற்றம் என்று சொல்வது? யாரும் செய்யவில்லை. ஒருவருக்கும் தெரியாது, அவ்வளவுதான். தெரிந்த நாலு பேர் அவனுக்கு இருந்திருக்க வேண்டும் என்பதுதான் எங்கள் அணியின் வாதம்.

இனி இன்னும் சங்கடமான இடத்துக்கு வருகிறேன். பாதர்கள் யாரும் முன்வரிசையில் இருந்தால் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

1973-ஆம் ஆண்டு ஸ்பெயினின் வலென்சியா நகரத்தில், இயேசு சபையின் அன்றைய உலகத் தலைவர் பேத்ரோ அருப்பே முன்னாள் மாணவர்கள் முன்னால் பேசினார். பிறருக்காக வாழும் மனிதர்களை உருவாக்குவதே நம் கல்வியின் குறிக்கோளாக இருக்க வேண்டும் என்றார். உங்களை நீதிக்காகப் பயிற்றுவித்தோமா என்று தம்மையே கேட்டுக்கொண்டு, இல்லை என்று தாமே பதிலும் சொன்னார். பெரிய மனசு. இன்று உலகம் முழுக்க இயேசு சபைக் கல்லூரிகளின் அடையாளமே அந்தப் பேச்சுதான். நம் ஊர்க் கல்லூரிகளில் மாணவர்களைக் கிராமங்களுக்கு அனுப்புவதும் அந்த வழியில்தான்.

என்னையும் அனுப்பினார்கள். காவிரிக்கரை ஓரமாக ஒரு குடியிருப்பு. கையில் அட்டை, அட்டையில் படிவம். கூரை ஓடா, ஓலையா? கழிப்பறை உண்டா? வீட்டில் படித்தவர் எத்தனை பேர்? மாத வருமானம் என்ன? என் கூட்டாளி கேட்பான், நான் எழுத வேண்டும். ஒரு பாட்டி பதில் சொல்லச் சொல்ல எழுதுகிறேன். ஓலை, இல்லை, ஒருவருமில்லை. மூன்றாவது வரியில் கை நின்றுவிட்டது. நான் எழுதிக்கொண்டிருந்தது என் வீட்டுக் கணக்கு. கூரை, கழிப்பறை, எல்லாம் அச்சு மாறாமல் அதுவே.

மாலையில் வட்டமாக உட்கார வைத்துச் சிந்தனைப் பகிர்வு. ஏழைகளைப் பார்த்து என் மனம் மாறிவிட்டது என்று ஒருவன் சொன்னான். நல்ல பையன், உண்மையாகவே கண் கலங்கினான். என் முறை வந்தது. நான் என்ன சொல்வது? ஏழைகளைப் பார்த்தேன், அவர்கள் என் சித்தப்பா மாதிரி இருந்தார்கள் என்றா? “வெயில் அதிகமாக இருந்தது” என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தேன்.

பிறருக்காக வாழச் சொல்லித் தருகிற கல்லூரியில், அந்தப் ‘பிறர்’ அடுத்த பெஞ்சிலேயே உட்கார்ந்திருக்கிறான். அவன் சேவை செய்கிறவர்கள் பக்கமா, சேவை பெறுகிறவர்கள் பக்கமா? பகலில் ஒன்று, இரவில் இன்னொன்று. இந்தக் குழப்பம் கலை விழாச் சட்டையைவிடக் கனமானது.

எங்கள் விடுதியின் பின்புறம் ஒரு பழைய அறை இருந்தது. உதவித்தொகைப் பையன்கள் ஞாயிறு மாலை அங்கே கூடுவோம். வாரந்தோறும் பாதர் ஒருவர் சாவியைக் கொடுத்துவிட்டுப் போய்விடுவார், உள்ளே வரமாட்டார். அந்த ஞாயிற்றுக்கிழமை நடந்ததைச் சொன்னேன். கல்வராயன் மலைப் பக்கத்திலிருந்து வந்த ஓர் அண்ணன் விழுந்து விழுந்து சிரித்தார். “படிவம் மிச்சம் இருக்கிறதா? எடுத்து வா, நம் வீட்டுக் கணக்கையும் முடித்துவிடலாம்” என்றார். ஆளுக்கொரு படிவம் நிரப்பினோம். யார் வீட்டில் ஓடு, யார் வீட்டில் ஓலை என்று போட்டி வைத்துச் சிரித்தோம். கல்லூரியில் சேர்ந்த பிறகு நான் வாய்விட்டுச் சிரித்தது அன்றுதான். அண்ணன் அந்தக் கட்டைக் கொண்டுபோய் பாதரிடம் கொடுத்துவிட்டார். அவர் வாங்கிப் படித்தார், ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த ஆண்டு முகாமுக்கு ஊர் தேர்ந்தெடுக்கிற கூட்டத்தில் எங்களில் இரண்டு பேரைக் கூப்பிட்டு உட்கார வைத்தார்.

அந்த அறையில் ஒரு இரும்பு அலமாரி. பழைய வினாத்தாள்கள், ஆய்வக வெள்ளைக் கோட்டுகள், அப்புறம் ஒரு ஜோடி கருப்பு ஷூ. ஒன்பதாம் நம்பர். நேர்முகத் தேர்வுக்குப் போகிற எல்லோருக்கும் அதே ஷூ. என் கால் ஏழு. முன்பக்கம் செய்தித்தாளைச் சுருட்டி அடைத்துக்கொண்டு போனேன். வேலை கிடைத்தது. இன்றைக்கும் வங்கியில் அதே வேலைதான், ஷூ மட்டும் மாறியிருக்கிறது.

இப்போது முத்திரைக்கு வருகிறேன். தனிக் குழு வைத்தால் உதவித்தொகை மாணவன் என்று நெற்றியில் எழுதி ஒட்டிவிடுவார்கள் என்றார் ஐயா. ஐயா, நீங்கள் எழுத வேண்டியதே இல்லை, ஏற்கெனவே எழுதியாயிற்று. வகுப்பு நடந்துகொண்டிருக்கும்போது அலுவலகத்திலிருந்து ஒருவர் வாசலில் வந்து நின்று, உதவித்தொகைக்காரர்கள் எழுந்து வாருங்கள் என்று பெயர் வாசிப்பார். சாதிச் சான்று, வருமானச் சான்று, இரண்டுக்கும் நகல். பழங்குடிச் சான்று கோட்டாட்சியர் கையால் வர வேண்டும். அதற்கு எத்தனை முறை மலை ஏறி இறங்க வேண்டும் என்பது எங்களுக்குத் தெரியும். உணவுக் கட்டணம் கட்டாதவர் பட்டியல் அறிவிப்புப் பலகையில் தொங்கும். ஆக, முத்திரை தயார். அந்த முத்திரையோடு ஓர் அறையும், ஓர் அலமாரியும், சிரிப்பதற்கு நாலு பேரும் சேர்த்துக் கொடுங்கள் என்றுதான் கேட்கிறோம்.

ஐயா ஒரு வரலாறும் சொன்னார், கனமான வரலாறு. தத்துவ போதகர் என்று தமிழகம் அறிந்த இயேசு சபைக் குரு இராபர்ட் தெ நோபிலி 1623-ல் இதே சேலத்துக்கு வந்தார்; அவருடைய மதுரை மிஷனில் பிற்பாடு உயர்ந்த சாதியாருக்கு ஒரு வகைத் துறவி, மற்றவர்களுக்குப் பண்டாரச்சாமிகள் என்று பிரித்தார்கள்; பிரித்ததன் கசப்பை இன்றுவரை அனுபவிக்கிறோம், மறுபடியும் பிரிவா என்று கேட்டார். நியாயமான பயம். என் பதில் ஒன்றே. அங்கே கோடு போட்டது மேலே இருந்தவர்களின் வசதிக்காக. எங்கள் அறையின் சாவி எங்கள் கையில் இருந்தது. யார் வேண்டுமானாலும் வரலாம், கண் கலங்கிய அந்த நல்ல பையனும் வந்தான். சாவி யார் கையில் என்று பாராமல் எல்லாக் கதவையும் ஒன்றாக்கிவிடக் கூடாது.

கலாம் ஐயாவையும் விடவில்லை. திருச்சி புனித வளனார் கல்லூரியில் 1954 வரை விடுதியில் தங்கிப் படித்தவர், எந்தக் குழுவில் இருந்தார் என்று கேட்டார். அங்கே முடித்துவிட்டுச் சென்னையில் பொறியியல் சேரப் போனபோது பணம் கட்ட வழியில்லை. அக்கா சொகரா தம் நகைகளை அடகு வைத்துக் கொடுத்தார். சரிதான், அக்காவும் அக்கா கையில் தங்கமும் இருக்கிறவர்களுக்குக் குழு வேண்டாம். மற்றவர்கள்?

அமெரிக்காவிலும் இதே வழக்குத்தான். வாஷிங்டனில் 1789 முதல் இருக்கிறது ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகம், அந்த நாட்டின் மூத்த கத்தோலிக்கப் பல்கலைக்கழகம், இயேசு சபையாருடையது. 1838-ல் மேரிலாந்து இயேசு சபையார் 272 அடிமைகளை விற்று, அந்தப் பணத்தில் ஒரு பகுதியால் இதன் கடனை அடைத்தார்கள். அப்படிப்பட்ட இடம், நாம் எல்லோரும் ஒரே குடும்பம் என்று சொன்னால் மட்டும் போதாது என்று கண்டுகொண்டு, வருமானம் குறைந்த வீட்டுப் பிள்ளைகளுக்கும் முதல் தலைமுறைப் பிள்ளைகளுக்கும் 2004 முதல் தனித் திட்டமே நடத்துகிறது. சிகாகோவில் இயேசு சபையார் நடத்தும் லயோலா பல்கலைக்கழகம் இன்னும் ஒரு படி மேலே போய், 2015-ல் அவர்களுக்கென்று இரண்டாண்டுக் கல்லூரியே திறந்து, அருப்பே பெயரையே வைத்தது. பணக்கார நாட்டுக்கே தேவைப்படுகிறது, நமக்குத் தேவையில்லையாம்!

மணியில் கை வைத்துவிட்டீர்கள் நடுவர் ஐயா, பார்த்துவிட்டேன். முடிக்கிறேன்.

எனக்கு அடுத்து எதிரணியில் பேச வரும் அம்மா, கல்லூரி முதல்வராக இருந்தவர். அவரிடம் ஒரு கேள்வி. ஜூனில் சேர்ந்த பிள்ளைக்கு உதவித்தொகை மார்ச்சில் வருகிறது. அதற்குள் உணவுக் கட்டணம் பாக்கி. பாக்கிக்காகத் தேர்வு நுழைவுச் சீட்டை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். வங்கிக் கணக்கில் ஆதார் இணையவில்லை என்று அன்றைக்குத்தான் தெரிகிறது. மணி நாலு, அலுவலகம் மூடியாயிற்று. மறுநாள் காலை தேர்வு. வீட்டுக்குப் போன் போட்டால் அம்மா எஸ்டேட்டில் இருக்கிறாள், அங்கே சிக்னல் இல்லை. எல்லோரும் ஒரே குடும்பம் என்கிற உங்கள் கல்லூரியில் அந்தப் பிள்ளை அன்று மாலை யாருடைய கதவைத் தட்ட வேண்டும்? அறை எண்ணை மட்டும் சொல்லுங்கள் அம்மா. சொல்லிவிட்டால் என் வாதத்தை இந்த மேடையிலேயே திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.