1,500 ரிங்கிட்டில் முதல் குடித்தனம்: எதை முதலில் வாங்குவது?

அடுத்த கேள்வி சுங்கை சிப்புட்டிலிருந்து ஒரு தங்கச்சி அனுப்பியது. படிக்கிறேன்: "அக்கா, கல்யாணம் முடிந்து இத்தனை நாள் செம்பனைத் தோட்டத்தில் மாமியார் வீட்டில் இருந்தோம். இப்போது டவுன் பக்கம் ஒரு தாமானில் (குடியிருப்புப் பகுதியில்) வீடு வாடகைக்கு எடுத்திருக்கிறோம். கூரையில் சுற்றும் காத்தாடியைத் தவிர வீட்டில் ஒன்றும் இல்லை. கையில் 1,500 ரிங்கிட் இருக்கிறது. எதிலிருந்து ஆரம்பிப்பது?"

சரி தங்கச்சி. முதலில், அந்தக் காசை ஒரே சனிக்கிழமையில் தீர்த்துவிடாதீர்கள். பாதியை எடுத்துத் தனியாக வையுங்கள். மீதியில் முதல் வாரத்துக்கு வேண்டியதை மட்டும் வாங்கி, அந்த வீட்டில் சமைத்துச் சாப்பிட்டுப் பாருங்கள். எது இல்லாமல் கை தவிக்கிறதோ அதை அப்புறம் வாங்கலாம்.

நான் இப்படிச் செய்யவில்லை. வாசலுக்கே வந்த ஒருவரிடம் தவணைக்கு ஒரு நான்ஸ்டிக் செட் வாங்கினேன். ஏழு உருப்படி, கண்ணாடி மூடி எல்லாம் உண்டு. பால் காய்ச்சுகிற அன்றைக்கு சொந்தக்காரர்கள் வந்து நிற்கிறார்கள், கால் கழுவ ஒரு பக்கெட் இல்லை. காய் வெட்டக் கத்தி பக்கத்து வீட்டில் இரவல் வாங்கினேன். அந்த நான்ஸ்டிக் சட்டியை எவர்சில்வர் கரண்டி போட்டுச் சுரண்டியே தீர்த்தோம். சட்டி குப்பைக்குப் போன பிறகும் தவணை மட்டும் ஓடியது. அதனால் 'செட்' என்று யாராவது சொன்னாலே எனக்கு ஒரு சந்தேகம் வரும்.

பால் காய்ச்சும் நாளுக்கு உப்பு, மஞ்சள், அரிசி, குத்துவிளக்கு, ஒரு புதுப் பானை போதும். இது உங்கள் மாமியாருக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். அந்தப் பானையைக் கொஞ்சம் அடி கனமாகப் பார்த்து வாங்குங்கள், பிறகு ரசத்துக்கும் பாயசத்துக்கும் அதுவே ஆகும்.

அடுப்பில்தான் காசைக் கொஞ்சம் தாராளமாகப் போடச் சொல்வேன். 14 கிலோ கேஸ் தோம்புக்கு, அதாவது சிலிண்டருக்கு, மானிய விலை 26 ரிங்கிட் 60 சென். வீட்டுக்குக் கொண்டுவந்து மாட்டிக் கொடுத்தால் கடைக்காரர் மேலே கொஞ்சம் கேட்பார். முதல் தடவை தோம்புக்கு முன்பணம் கட்ட வேண்டியிருக்கும், ரசீதைப் பத்திரமாக வையுங்கள். ரெகுலேட்டரும் குழாயும் சிரிம் (மலேசியத் தரச் சான்று) முத்திரை உள்ளதாக, புதிதாகவே இருக்கட்டும். அடுப்பைப் பழையதாக வாங்கலாம், குழாயைப் பழையதாக வாங்காதீர்கள். மாட்டியதும் பாத்திரம் கழுவும் சோப்பைத் தண்ணீரில் கரைத்து இணைப்புகள் மேல் தடவுங்கள். குமிழி வந்தால் கசிகிறது என்று அர்த்தம். கேஸுக்குச் சொந்தமாக வாடை கிடையாது, கசிந்தால் தெரியட்டும் என்றுதான் அந்த நாற்றத்தைக் கலக்கிறார்கள். அது காற்றைவிடக் கனமானது, தரையோடு தரையாகத் தங்கும். வாடை வந்தால் தோம்பை மூடிக் கதவைத் திறந்துவிடுங்கள். லைட் சுவிட்சையோ காத்தாடி சுவிட்சையோ தொடக் கூடாது.

அடுத்தது தோசைக்கல். இரும்புக் கல்லே வாங்குங்கள். புதுக்கல்லை நன்றாகத் தேய்த்துக் கழுவி, ஓர் இரவு கஞ்சித் தண்ணீரில் ஊறவையுங்கள். காலையில் கழுவி அடுப்பில் வைத்து, ஈரம் துளிகூட இல்லாமல் காயவிடுங்கள். நல்லெண்ணெய் நாலு சொட்டு விட்டுத் துணியால் தடவி, தடவியதையே திரும்பத் துடைத்துவிடுங்கள். எண்ணெய் இருப்பதே தெரியக் கூடாது. இங்கேதான் எல்லோரும் தப்புச் செய்கிறார்கள், நிறைய ஊற்றினால் பிசுபிசு என்று ஒட்டிக்கொள்ளும். லேசாகப் புகை வரும்வரை காய்ச்சி ஆறவிடுங்கள். இதை மூன்று நாலு தடவை செய்தால் சாம்பல் நிறம் போய்க் கறுப்பேறும். கடைசியாகப் பாதி வெங்காயத்தைக் குத்தி மேலே தேயுங்கள். அப்படியும் முதல் தோசை பிய்ந்துதான் வரும், அதை வீட்டுக்காரருக்குக் கொடுத்துவிடுங்கள்.

சோறு குக்கர் விஷயத்தில் கடையில் பெரியதைத்தான் தள்ளப் பார்ப்பார்கள். அதனோடு வரும் கப் 180 மில்லி. 1.8 லிட்டர் குக்கர் என்றால் அந்தக் கப்பில் பத்துக் கப் அரிசி. உங்கள் இரண்டு பேருக்கு எதற்கு அவ்வளவு? ஒரு லிட்டர் போதும். தீபாவளிக்குத் தோட்டத்திலிருந்து கூட்டம் வந்தால் பெரிய குண்டானை இரவல் வாங்கிக்கொள்ளலாம். அரிசியும் அப்படித்தான், பத்துக் கிலோ மூட்டை எடுத்தால் நம் ஊர்ப் புழுக்கத்துக்கு வண்டு வந்துவிடும். ஐந்து கிலோ எடுத்து மூடி இறுகும் டப்பாவில் கொட்டி வையுங்கள்.

தேங்காய் துருவி இப்போது வேண்டாம். பசாரில் மெஷினில் துருவியே கொடுக்கிறார்கள், பாலாகக் கேட்டாலும் பிழிந்து கொடுக்கிறார்கள். ஆனால் கத்தி நல்லதாக ஒன்று வேண்டும். ஒன்றே போதும்.

மின்சாரச் சாமான்களில் ஒரு எச்சரிக்கை. வாடகை வீட்டுச் சமையலறையில் ஒரே ஒரு பிளக் பாயிண்ட் இருக்கும், உடனே எக்ஸ்டென்ஷன் வயரில் எல்லாவற்றையும் சொருகத் தோன்றும். மூன்று முனை பிளக்கில் அதிகபட்சம் 13 ஆம்பியர் பியூஸ், சுமார் 3,000 வாட்தான் தாங்கும். கெட்டில் ஒன்றே 2,000 வாட் இழுக்கலாம். அதோடு அயர்ன் பாக்ஸையும் போட்டால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. கோயம்புத்தூரிலிருந்து யாராவது கிரைண்டர் கொண்டுவந்தால் மின்சாரம் ஒத்துப்போகும், பிளக் மட்டும்தான் வேறு. அதற்குச் சரியான அடாப்டர் வாங்குங்கள், தீக்குச்சியைச் சொருகி மாட்டும் வேலை வேண்டாம். நான் பார்த்திருக்கிறேன், அதனால் சொல்கிறேன்.

பக்கெட் இரண்டு வாங்குங்கள், ஒன்று மூடியோடு. தண்ணீர் தடைபடும் நாளில் அதுதான் கைகொடுக்கும். மூடாமல் விட்டால் ஏடிஸ் கொசு வந்து முட்டை வைக்கும். முட்டை தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே சுவரில் ஒட்டிக்கொண்டிருக்கும், தண்ணீரை மட்டும் கொட்டினால் போகாது. வாரம் ஒருமுறை உள்பக்கத்தைப் பிரஷ் போட்டுத் தேய்க்க வேண்டும். விளக்குமாற்றுக்குக் காசு கொடுக்காதீர்கள். மாமியாரிடம் சொன்னால் செம்பனை ஈர்க்கைச் சீவி, கட்டியே கொடுத்துவிடுவார்.

பரிசு என்ன வேண்டும் என்று யாராவது கேட்டால் வெட்கப்படாமல் சொல்லிவிடுங்கள். சொல்லாவிட்டால் நாலு டின்னர் செட் வந்து சேரும். பிரிட்ஜும் வாஷிங் மெஷினும் எடுத்து வைத்த பாதிக் காசுக்குக் காத்திருக்கட்டும். அதில் பிரிட்ஜ் முதலில்.

மிக்ஸியும் உடனே வேண்டாம். தோட்டத்து வீட்டுப் பின்பக்கம் யாரும் தொடாமல் ஒரு அம்மி கிடக்கும், கேட்டால் சந்தோஷமாகக் கொடுப்பார்கள். தூக்க இரண்டு ஆள் வேண்டும், லோரியில் போட்டுக் கொண்டுவந்துவிடலாம். குழவியையும் மறக்காமல் எடுத்து வாருங்கள். நான் அம்மியை மட்டும் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டேன். இரண்டு வாரம் அதன்மேல் பூந்தொட்டிதான் இருந்தது.