திருப்பிச் சொல்லுங்கள்

(கடலூர் மஞ்சக்குப்பத்தில் வாசகர் கூட்டம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)

அனைவருக்கும் வணக்கம். வெயில் தாழும் முன்பே வந்து உட்கார்ந்திருக்கும் தாய்மார்களுக்கும், வலை வேலையைப் போட்டுவிட்டுத் தேவனாம்பட்டினத்திலிருந்து வந்திருக்கும் தம்பிகளுக்கும் தனியாக ஒரு வணக்கம்.

விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டு அறையில், காதில் ஹெட்செட் மாட்டியே காலத்தைக் கழித்தவன் நான். இன்றைக்கு ஒரே ஒரு சொல்லைப் பற்றித்தான் பேசப்போகிறேன். ‘சரி’. காதில் விழுந்தது என்றாலும் சரி, ஒத்துக்கொண்டேன் என்றாலும் சரி, செய்துவிடுகிறேன் என்றாலும் சரி, போதும் போனை வை என்றாலும் சரி. எல்லாவற்றுக்கும் நமக்கு அந்த ஒரு சொல்தான். ஆங்கிலத்தில் அதன் அண்ணன் ‘ஓகே’.

1977 மார்ச் 27. ஸ்பெயினுக்குச் சொந்தமான டெனரிஃப் தீவு. பக்கத்துத் தீவின் விமான நிலையத்தில் குண்டு வெடித்ததால் விமானங்களையெல்லாம் இங்கே திருப்பிவிட்டிருந்தார்கள். சின்ன நிலையம், நிறுத்த இடமில்லை, போதாக்குறைக்கு மூடுபனி. ஓடுபாதையின் ஒரு முனையில் கேஎல்எம் என்ற டச்சு நிறுவனத்தின் ஜம்போ விமானம் கிளம்பத் தயாராக நிற்கிறது. அதே ஓடுபாதையில் பான் ஆம் என்ற அமெரிக்க நிறுவனத்தின் ஜம்போ எதிரே மெல்ல உருண்டு வருகிறது. ஒன்றுக்கொன்று தெரியவில்லை. விமானங்களுக்கு வழி சொல்லும் கட்டுப்பாட்டுக் கோபுரத்துக்கு இரண்டுமே தெரியவில்லை.

கோபுரம் கேஎல்எம்முக்குக் கொடுத்தது, கிளம்பிய பிறகு போகவேண்டிய வழி மட்டும்தான். கிளம்ப அனுமதி தரவில்லை. துணை விமானி அந்த வழியைத் திருப்பிச் சொல்லிவிட்டு, “நாங்கள் இப்போது டேக் ஆஃபில் இருக்கிறோம்” என்ற பொருளில் முடிக்கிறார். கிளம்பும் இடத்தில் நிற்கிறார்கள் என்று கோபுரம் எடுத்துக்கொண்டது. விமானமோ ஓட ஆரம்பித்துவிட்டது.

கோபுரம் சொன்ன பதில், “ஓகே”. ஒரு சின்ன இடைவெளி. அப்புறம், “காத்திருங்கள், நான் கூப்பிடுகிறேன்”. அதே நேரத்தில் பான் ஆம், “நாங்கள் இன்னும் ஓடுபாதையில்தான் இருக்கிறோம்” என்கிறது. வயர்லெஸ்ஸில் ஒரு சமயத்தில் ஒருவர்தான் பேச முடியும் என்பது படகுக்காரத் தம்பிகளுக்கு நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை. இரண்டு பேச்சும் மோதி, கேஎல்எம் விமானிகளின் காதில் கீச்சென்ற சத்தமாக விழுந்தது. தெளிவாக வந்தது அந்த ‘ஓகே’ மட்டும். கேஎல்எம் விமானிகளோடு இருந்த விமானப் பொறியாளருக்குச் சந்தேகம் வந்து, பான் ஆம் இன்னும் விலகவில்லையோ என்று கேட்டார். விலகிவிட்டது என்று கேப்டன் அடித்துச் சொன்னார். இரண்டு ஜம்போவும் மோதின. 583 உயிர் போனது.

இன்றைக்கு ‘டேக் ஆஃப்’ என்ற சொல்லைக் கிளம்ப அனுமதி கொடுக்கும்போதும், கொடுத்ததை ரத்து செய்யும்போதும்தான் உச்சரிக்க வேண்டும். மற்ற நேரத்தில் ‘டிபார்ச்சர்’. இந்த ஒரு விதிக்குப் பின்னால் எத்தனை குடும்பங்கள் என்று நினைத்தால் இப்போதும் எனக்கு நெஞ்சு கனக்கிறது.

1990 ஜனவரியில் நியூயார்க் வானத்தில் இன்னொரு ‘ஓகே’. கொலம்பியாவின் அவியாங்கா விமானம் ஒரு மணி நேரத்துக்கும் மேல் வட்டமடித்துக் காத்திருந்தது. அவசரநிலை என்று சொல்லச் சொல்கிறார் கேப்டன். துணை விமானி, “எரிபொருள் தீர்ந்துகொண்டிருக்கிறது” என்று மட்டும் சொன்னார், அதுவும் வேறு பேச்சின் வாலில். ‘மேடே’ என்ற ஆபத்து அழைப்புச் சொல் வரவில்லை. பதில், “ஓகே”. எரிபொருள் தீர்ந்து விமானம் விழுந்தது, 73 பேர் இறந்தார்கள்.

சரி, இதற்கு மருந்து என்ன? கேட்டதைத் திருப்பிச் சொல்வது. உயரம் சொன்னால் அந்த எண்ணை விமானி அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும். இதை எல்லோரும் அறிவார்கள். அடுத்த பாதியைத்தான் விட்டுவிடுகிறோம். திருப்பிச் சொல்வதை, முதலில் சொன்னவர் காது கொடுத்துக் கேட்க வேண்டும். 1989இல் கோலாலம்பூர் பக்கம் ஒரு சரக்கு ஜம்போவை 2,400 அடிக்கு இறங்கச் சொன்னார்கள். “டூ ஃபோர் சீரோ சீரோ” என்றார் கட்டுப்பாட்டாளர். ஆங்கிலத்தில் ‘டூ’ என்பது இரண்டு, ‘வரைக்கும்’ என்பதும் அதே ஒலிதான். விமானி “ஓகே, ஃபோர் சீரோ சீரோ” என்று திருப்பிச் சொன்னார். தப்பு வெட்டவெளிச்சமாக அலைவரிசையில் போயிற்று, யாரும் திருத்தவில்லை. விமானம் மலையில் மோதியது. உள்ளே இருந்த நால்வரும் போனார்கள்.

அந்தக் கட்டுப்பாட்டாளரைத் திட்ட எனக்கு மனம் வராது. தான் சொன்னதைத்தான் எதிராளி திருப்பிச் சொல்வார் என்று காது முன்கூட்டியே முடிவு செய்துவிடும். எனக்கும் அப்படி ஆகியிருக்கிறது. வேலையில் அல்ல, வீட்டில்.

வில்லியனூரில் இருக்கும் என் அம்மாவுக்குப் போனில் மருந்து சொன்னேன். “சாப்பாட்டுக்குப் பின்னாடிம்மா.” அம்மா, “சரிப்பா, முன்னாடி” என்றிருக்கிறார். முன், பின் இரண்டும் போனில் ஒன்றுபோலவே கேட்கும். நானும் “சரிம்மா” என்று வைத்துவிட்டேன். நான்கு நாள் வெறும் வயிற்றில் மாத்திரை போட்டுக்கொண்டு, எரிச்சல் தாங்காமல் படுத்த பிறகுதான் விஷயம் தெரிந்தது. வாழ்நாளெல்லாம் அடுத்தவர் பேச்சைக் கூர்ந்து கேட்டுச் சம்பளம் வாங்கியவன், பெற்ற தாய் சொன்னதைக் கேட்கவில்லை.

இப்போது எங்கள் பேச்சு வேறு மாதிரி. அம்மா, “சோறு தின்ன பிற்பாடு, வெள்ளை மாத்திரை, ஒண்ணு” என்பார். நான் “ஆமாம்” என்று சொல்லும்வரை போனை வைக்கமாட்டார். போன வாரம் டாக்டரிடம் போகவேண்டியது புதன்கிழமை. அம்மா “வியாழன் காலைல பத்து மணி” என்று திருப்பிச் சொன்னார். திருத்தப் போனேன். “நீதாண்டா வியாழன்னு சொன்னே” என்றார். யோசித்துப் பார்த்தேன். ஆமாம், வியாழன் என்று சொன்னது நான்தான்.