பஞ்சுத் திரளுக்குள் இருப்பது முட்டையல்ல: கொற்றீசியாக் குளவிகளின் கதை

[காட்சி: நீர்வேலியில் ஒரு மிளகாய்த் தோட்டம். வரம்போரம் இரண்டு வரிசையாக நட்ட சோளம். காலை வெயில்.]

வணக்கம். மாரி மழை சற்று ஓய்ந்து, செம்மண் இன்னும் காலில் ஒட்டும் ஒரு காலையில், இந்தச் சோளத்தின் இலையொன்றைப் புரட்டிப் பார்க்கிறோம். இலையின் அடிப்பக்கத்தில் ஒரு படைப்புழு அசையாமல் கிடக்கிறது. அதன் அருகே, சோற்றுப் பருக்கையிலும் சிறிய வெண்ணிறக் கூடுகள் இருபது முப்பது, ஒன்றோடொன்று ஒட்டிப் பஞ்சுத் திரள்போலக் கிடக்கின்றன.

தோட்டத்தில் இதைக் காண்பவர் "புழு முட்டை போட்டுவிட்டது" என்று சொல்லி விரலால் நசுக்கிவிடுவதே வழக்கம். என் அப்பு அப்படித்தான் நசுக்கினார். அவரைப் பார்த்து நானும் நசுக்கினேன். சற்று நின்று யோசித்திருந்தால், முட்டையிடுவது அந்துப்பூச்சியே தவிரப் புழுவல்ல என்பது இருவருக்கும் விளங்கியிருக்கும்.

இந்தத் தவறில் நாம் தனித்தவர்கள் அல்லர். 1602 ஆம் ஆண்டிலே இத்தாலிய இயற்கை ஆய்வாளர் அல்ட்ரோவாண்டி, கோவா (முட்டைக்கோசு) இலையைத் தின்னும் புழு ஒன்றின் அருகே இத்தகைய கூடுகளைக் கண்டு, அவற்றைப் புழுவின் முட்டைகள் என்றே எழுதிவைத்தார். அவை வேறொரு பூச்சியின் கூடுகள், அந்தப் பூச்சி புழுவின் உடலுக்குள் வளர்ந்து வெளியே வந்தது என்று வல்லிஸ்னியேரி என்னும் மற்றோர் இத்தாலியர் சரியாக விளக்கும்வரை மேலும் நூறு ஆண்டுகள் சென்றன.

[காட்சி: உருப்பெருக்கியில் ஒரு குளவி. கரிய உடல், நீண்ட உணர்கொம்புகள். அருகே ஒப்பீட்டுக்கு ஒரு நெல்மணி.]

அந்தப் பூச்சிதான் கொற்றீசியா. பிரக்கோனிடே குடும்பத்தைச் சேர்ந்த இச்சாதிக்கு 1891 இல் கமரன் என்பவர் பெயரிட்டார். இன்று 300 இற்கு மேற்பட்ட இனங்கள் இதில் அடங்குகின்றன. பெரும்பாலானவை இரண்டு முதல் நான்கு மில்லிமீற்றர் நீளமே கொண்டவை. குளவி என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது கூரை முகட்டில் கூடு கட்டிக் கொட்டும் குளவிதான். ஆனால் கொற்றீசியாவின் கொடுக்கு முட்டையிடும் ஊசியாகவே பயன்படுகிறது. மனிதரை அது நாடுவதில்லை. நிறைவுடலி, அதாவது முழுவளர்ச்சியடைந்த குளவி, பூந்தேனை உண்டு சில நாட்களே வாழும். அதற்குள் தான் முட்டையிடுவதற்கு ஏற்ற புழுவைத் தேடிக் கண்டுபிடித்தாக வேண்டும்.

பரந்த தோட்டத்தில் ஒரு புழுவை அது எப்படிக் கண்டுபிடிக்கிறது? புழு இலையைக் கடிக்கும்போது அதன் எச்சில் காயத்திற் படுகிறது. அதற்கு எதிர்வினையாகத் தாவரம் ஒருவகை மணத்தை வெளியிடுகிறது. கத்தரிக்கோலால் வெறுமனே வெட்டிய இலையிலிருந்து வரும் மணம் வேறு. சோள நாற்றுகளையும் இச்சாதியின் ஓரினத்தையும் வைத்துச் செய்த ஆய்வொன்று 1990 இல் வெளிவந்து, குளவி இந்த வேறுபாட்டை அறிந்து மணம் வரும் திசைக்கே பறக்கிறது என்று காட்டியது. அருகே வந்ததும் புழுவின் எச்சமும் அது விட்ட பட்டிழையும் வழிகாட்டுகின்றன.

[காட்சி: வரைபட அசைவூட்டம். குளவி புழுவின் முதுகில் ஊசியைச் செலுத்துகிறது.]

குத்துவது ஒரு சில விநாடி நேரமே. அந்த நேரத்துக்குள் கூட்டமாக வளரும் இனங்கள் பல பத்து முட்டைகளைப் புழுவின் உடலுக்குள் இட்டுவிடுகின்றன. அந்நிய முட்டையொன்று உள்ளே வந்தால் புழுவின் குருதிக் கலங்கள் அதைச் சூழ்ந்து மூடி, மூச்சுத் திணறவைத்துக் கொல்லவேண்டும். ஆனால் அது நடப்பதில்லை. காரணம், முட்டைகளுடன் சேர்ந்து ஒரு வைரசும் உள்ளே செல்கிறது. இந்த வைரசு குளவிக்குத் தொற்றிய நோயன்று. ஏறத்தாழ 10 கோடி ஆண்டுகளுக்கு முன் ஒரு மூதாதைக் குளவியின் பரம்பரையலகுகளோடு கலந்துவிட்ட வைரசு அது. இன்று ஒவ்வொரு குளவியும் அதைப் பரம்பரையாகத் தன் உடலின் பகுதியாகவே பெறுகிறது. குளவியின் சூலகத்தில் மட்டுமே அது உருவாகிறது. புழுவின் உடலில் அது பெருகுவதில்லை. அங்கே சென்று காவற்கலங்களைச் செயலிழக்கச் செய்து, புழுவின் வளர்ச்சியையும் குலைத்துவிடுகிறது. உயிரியலில் இதைவிட விசித்திரமான கூட்டாளியை நான் அறிந்ததில்லை.

பொரித்த குடம்பிகள், அதாவது குளவியின் இளம்பருவங்கள், புழுவின் உயிருறுப்புகளைத் தொடாமல், அதன் குருதியைக் குடித்தே வளர்கின்றன. கருக்கட்டிய முட்டை பெண்ணாகிறது, கருக்கட்டாதது ஆணாகிறது. ஏறக்குறைய இரண்டு வாரத்தில் அவை புழுவின் தோலைத் துளைத்துக்கொண்டு வெளிவந்து, ஒவ்வொன்றும் தன்னைச் சுற்றிப் பட்டு நூற்கிறது. அதுதான் நாம் கண்ட பஞ்சுத் திரள். சில இனங்களில் குடம்பி வெளியேறும் வேளையிலேயே தோலுரித்து, உரித்த தோலை வந்த துளையில் அடைப்பாக விட்டுச் செல்வதால், இத்தனை துளை விழுந்தும் புழு உடனே இறப்பதில்லை. ஐரோப்பாவில் கோவாப் புழுவைத் தாக்கும் கொற்றீசியா குளோமெறாற்றா இனத்தில், அந்தப் புழு தன்னைத் தின்றவர்களின் கூடுகளின் மேல் தானே பட்டு வலை பின்னி, கிட்ட வருவதைத் தலையை வீசி விரட்டி, காவலிருந்தே சாகிறது.

[காட்சி: பிளந்த சோளத் தண்டு. உள்ளே துளைத்த பாதையும் எச்சமும்.]

எல்லா இனங்களும் இலைமேல் வேட்டையாடுவதில்லை. கொற்றீசியா பிளவிப்பெஸ், சோளத்தையும் இறுங்கையும் துளைக்கும் தண்டுப் புழுவைத் தேடி, எச்சம் நிறைந்த அந்த ஒடுங்கிய பாதைக்குள்ளேயே நுழைகிறது. உள்ளே புழு திருப்பிக் கடித்துக் கொன்றுவிடுவதும் உண்டு. ஆசியாவிலிருந்து அந்தத் தண்டுப் புழு ஆபிரிக்காவுக்குப் போய்ப் பெருஞ்சேதம் செய்தபோது, அதன் பழைய எதிரியான இக்குளவியையும் பாகிஸ்தானிலிருந்து கொண்டுபோய் 1993 இல் கென்யாவில் விட்டார்கள். அது அங்கே நிலைத்துவிட்டது. அதற்கு முன்பே, 1883 இல், குளோமெறாற்றா இங்கிலாந்திலிருந்து அமெரிக்காவுக்குக் கொண்டுசெல்லப்பட்டிருந்தது. நாம் பயிரிடும் கோவாவின் வைரமுதுகு அந்துவுக்கு உரியது கொற்றீசியா வெஸ்ராலிஸ். அது ஒரு புழுவுக்கு ஒரு குடம்பி என்ற கணக்கில் வளர்வதால், அங்கே திரளைக் காணமாட்டீர்கள், ஒற்றை வெண்கூட்டையே காண்பீர்கள்.

தோட்டக்காரருக்கு ஒன்றை மறைக்காமற் சொல்லவேண்டும். குளவி குத்திய புழு உடனே தின்பதை நிறுத்துவதில்லை. எனவே இன்றைய இலைச் சேதத்தை இக்குளவி தடுக்காது, அந்துவாகிப் பறந்து அடுத்த தலைமுறைக்கு முட்டையிட இருந்த புழுவையே தடுக்கும். இதற்குப் பொறுமையில்லாமல் கண்ட பூச்சியையெல்லாம் கொல்லும் மருந்தை அடித்தால், முதலில் விழுவது இந்தச் சிறு குளவிதான். இலைக் குருத்துக்குள் ஒளிந்த புழு பிழைத்துக்கொள்ளும். மருந்தடிக்கும் முன் வெண்கூடுகள் எத்தனை இலையில் இருக்கின்றன என்று ஒரு சுற்று நடந்து பார்ப்பது செலவில்லாத வேலை.

[காட்சி: போத்தலொன்றுக்குள் கூடுகளுடன் சோள இலைத்துண்டு. வாயில் மெல்லிய துணி கட்டியிருக்கிறது.]

வீட்டில் இதைச் செய்து பாருங்கள். கூடுகள் ஒட்டிய இலைத்துண்டை ஒரு போத்தலில் இட்டு, வாயைத் துணியால் கட்டி, வெயில் படாத இடத்தில் வைத்தால், ஒரு வாரமளவில் குளவிகள் வெளிவரும். வந்தபின் வெறுங்கூடுகளை உருப்பெருக்கியால் உற்றுப் பாருங்கள். கூட்டின் ஒரு முனை மூடி திறந்ததுபோல வட்டமாக வெட்டப்பட்டிருந்தால் வெளிவந்தது கொற்றீசியா. அதைப் போத்தலோடு தோட்டத்துக்கே கொண்டுபோய்த் திறந்துவிடலாம். பக்கத்தில் ஒழுங்கில்லாத ஓட்டை இருந்தால், அந்தக் கூட்டுக்குள் கொற்றீசியாவையே தின்று வளர்ந்த இன்னொரு குளவி இருந்திருக்கிறது. அந்தப் போத்தலைத் தோட்டத்துக்குக் கொண்டுபோகாதீர்கள்.