பாட்டுக்குச் சொந்தக்காரி எலிசபெத் காட்டன்

(நாட்டுப்புறக் கலை விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பெருமதிப்பிற்குரிய விழாத் தலைவர் அவர்களே, முன்னிலை வகிக்கும் பேரூராட்சித் தலைவர் அம்மா அவர்களே, மேனாள் தலைமையாசிரியர் ஐயா அவர்களே, வாடகை வாங்காமல் மண்டபத்தைத் திறந்துவிட்ட பெரியவர் அவர்களே, மைக்செட் தம்பி அவர்களே, எல்லோருக்கும் வணக்கம். யார் பெயரையாவது விட்டிருந்தால் பொறுத்தருள வேண்டும். பெயர் விடுபடுவதைப் பற்றித்தான் இன்றைய பேச்சே.

அமெரிக்கக் கன்ட்ரி இசை என்றதும் தொப்பி போட்ட வெள்ளைக்கார ஆண்தான் நம் கண்ணுக்குள் வந்து நிற்கிறார். ஆனால் கித்தார் கற்பவர்கள் இன்றும் பழகும் ஒரு விரல்முறைக்குக் ‘காட்டன் பிக்கிங்’ என்று பெயர். அதற்கு உரியவர் வட கரோலினாவின் கார்போரோவில் பிறந்த கறுப்பினப் பெண் எலிசபெத் காட்டன். அவருடைய கை, அவருடைய பாட்டு, அவருடைய தேவாலயம் என்று மூன்றைப் பற்றியும் சொல்கிறேன்.

முதலில் கை. வீட்டுவேலையில் அவருக்கு ஆரம்பச் சம்பளம் மாதம் 75 சென்ட். வாங்கிய ஸ்டெல்லா கித்தார் 3.75 டாலர். கணக்குப் போடுங்கள், ஐந்து மாத உழைப்பு! அவருக்கோ இடது கை. தந்திகளை இடம் மாற்றிக் கட்டலாமே என்பீர்கள். அப்படியே மாற்றினால், கித்தாரின் தலைப்பக்கக் கட்டையில் மெல்லிய தந்திக்கு வெட்டிய பள்ளத்தில் தடித்த தந்தி உட்காராது. தடித்ததற்கு வெட்டியதில் மெல்லியது ஆடி இரையும். கீழ்ப்பக்கம் தந்திகளைத் தாங்கச் சாய்வாக வைத்த எலும்புக்கட்டையும் எதிர்ச்சாய்வாகிவிடுவதால் மேலே போகப் போகச் சுருதி விலகும். காட்டன் தந்தியைத் தொடவே இல்லை. கித்தாரையே தலைகீழாகத் திருப்பிக்கொண்டார். மெல்லிய தந்தி மேலே, தடித்தது கீழே. மற்றவர்கள் கட்டைவிரலால் போடும் மந்தரத்தை, அதாவது தடித்த தந்திகளின் தாழ்ந்த ஒலியை, அவர் ஆள்காட்டி விரலால் மாற்றி மாற்றித் தட்டினார். மெட்டைக் கட்டைவிரல் பாடியது. பழகுபவர்கள் முதலில் மந்தரத்தை மட்டும் தனியாக வாசித்து நிலைப்படுத்த வேண்டும். மெட்டு வரும் இடத்தில் ஆள்காட்டி விரல் ஒரு தட்டைத் தவறவிட்டால் ரயில் தடம் புரண்டுவிடும். ரயில் என்று சும்மா சொல்லவில்லை. பன்னிரண்டு வயதை ஒட்டி அவர் கட்டிய பாட்டின் பெயரே ‘ஃபிரெய்ட் டிரெயின்’, சரக்கு ரயில்.

இனி, கூட்டம் கலையாமலிருக்க ஒரு கதை. நடந்த கதைதான். 1940களில் வாஷிங்டனில் லான்ஸ்பர்க் என்ற பெரிய கடை. அங்கே பொம்மைப் பிரிவில் காட்டன் வேலை செய்கிறார். ஒரு சிறுமி தாயைத் தொலைத்துவிட்டு நிற்கிறாள். காட்டன் அவளைக் கொண்டுபோய்த் தாயிடம் சேர்க்கிறார். தாய் யார் தெரியுமா? ரூத் கிராஃபோர்ட் சீகர், இசையமைப்பாளர். கணவர் சார்லஸ் சீகர், இசை ஆராய்ச்சியாளர். ‘எங்கள் வீட்டுக்கு வேலைக்கு வருகிறீர்களா’ என்ற பேச்சு நடக்கிறது, போகிறார். சமைக்கிறார், துணி தேய்க்கிறார். நாட்டுப்பாடல்களைத் தேடித்தேடி எழுதி வைக்கும் குடும்பம் அது! ஊரெல்லாம் சல்லடை போட்டுத் தேடுகிறார்கள். தேடிய ஆளோ அடுக்களையில் இஸ்திரிப் பெட்டியோடு நிற்கிறார். (சிரிப்பு) சுவரில் தொங்கிய கித்தாரை ஒருநாள் அவர் எடுத்து வாசித்தபோதுதான் வீடே விழித்துக்கொண்டது. தொலைந்த சிறுமி பெக்கி பின்னாளில் புகழ்பெற்ற பாடகி. அவள் அண்ணன் மைக் பதிவு செய்ததே 1958ல் ஃபோக்வேஸ் என்ற இசைத்தட்டு நிறுவனம் வெளியிட்ட காட்டனின் இசைத்தட்டு.

அதற்குள் நடந்ததைக் கேளுங்கள். பெக்கி இங்கிலாந்தில் அந்தச் சரக்கு ரயில் பாட்டைப் பாடினார். கேட்ட இருவர் தங்கள் பெயரில் பதிந்துகொண்டார்கள். 1957ல் அது பிரிட்டனின் பாட்டு விற்பனைப் பட்டியலில் ஐந்தாம் இடம் வரை ஏறியது. ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே! சீகர் குடும்பம் துணை நின்று போராடிய பிறகே காட்டன் பெயர் ஏறியது. கிராமி விருது 1985ல், தொண்ணூறு வயதுக்கு மேல். 1987ல் காலமானார். ராக் அண்ட் ரோல் புகழ்மண்டபம் அவரைச் சேர்த்துக்கொண்டது 2022ல்.

நம் நாட்டின் பதிப்புரிமைச் சட்டமும் அதே 1957ல் வந்ததுதான். பாட்டு கட்டியவர் வாழ்நாளும் அதன் பிறகு 60 ஆண்டும் உரிமை, பதிவு கட்டாயமில்லை. ஆனால் கட்டியது யார் என்று காட்ட ஆதாரம் வேண்டாமா? ஒப்பாரியும் தாலாட்டும் பாடும் ஆயாவைப் பதிவு செய்துவிட்டு இசைத்தட்டின் மேல் ‘நாட்டுப்புறப் பாடல்’ என்று மட்டும் போடுகிறோமே, இது யார் வீட்டு நெய்? இனிப் பதிவு செய்யும்போது ஃபோனைப் பாடுபவர் முகத்திலிருந்து ஒரு முழம் தள்ளி வையுங்கள், மின்விசிறியை நிறுத்துங்கள். முதல் வரியாக அவர் பெயர், ஊர், தேதி, யாரிடம் கற்றார், எந்த அடி அவரே கட்டியது என்பதை அவர் வாயாலேயே சொல்லச் சொல்லுங்கள். பாடி முடித்த பிறகு கேட்டுக்கொள்ளலாம் என்று விட்டால், பதிவை வெட்டி அனுப்பும்போது முதலில் போவது அந்தக் கடைசித் துண்டுதான்.

தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். தேவாலயக் கதைக்கு நேரமில்லை. சபையார் சொல்லிப் பல ஆண்டு கித்தாரை விட்டிருந்தார் என்பதோடு நிறுத்துகிறேன். இனி மேடையேறும் கும்மிக் குழுவினரே, ஆடத் தொடங்குமுன் பாட்டு யாருடையது என்று மைக்கில் சொல்லிவிட்டு ஆடுங்கள். பாட்டு யாருடையது என்று எழுதித்தரும் படிவங்கள் வாசலில் மேசை மேல் இருக்கின்றன, பேனாவும் கட்டி வைத்திருக்கிறோம். நன்றி, வணக்கம்.