நான்கு வினாடிப் பந்தயமும் வர்ணனையாளரும்

வணக்கம் நேயர்களே. இன்று நான் பேச வந்திருப்பது டிராக் ரேஸ் பற்றி. இன்னும் சரியாகச் சொன்னால், அமெரிக்கத் தொலைக்காட்சியில் அந்தப் பந்தயத்தை நமக்கு விளக்க உட்காருகிறார்களே, பழைய ஓட்டுநர்கள், அவர்களைப் பற்றி. இரண்டு கார், ஒரு நேர்கோட்டுப் பாதை, பச்சை விளக்கு எரிந்ததும் யார் முதலில் போய்ச் சேருகிறார்கள், அவ்வளவுதான் ஆட்டம். அதில் வேகமான பிரிவு டாப் ஃபியூயல். ஆயிரம் அடி தூரத்தை 3.7 வினாடி சொச்சத்தில் முடித்துவிடுவார்கள், கோட்டைத் தாண்டும்போது வேகம் மணிக்கு 530 கிலோமீட்டருக்கு மேல். நான் வணக்கம் சொல்லி ஒரு மூச்சு விடுவதற்குள் எல்லாம் முடிந்திருக்கும். இதில் வர்ணனையாளர் எங்கே புகுந்து பேசுவார்?

பேச முடியாது, பேசவும் கூடாது. இதுதான் என் கட்சி, ரொம்ப காலமாக இதையே சொல்லிக்கொண்டிருக்கிறேன். கார் ஓடும்போது இன்ஜின் சத்தம் மட்டும் கேட்கட்டும். தொழில் தெரிந்தவர் பேச வேண்டியது அதற்கு முன்னாலும் பின்னாலும்தான், அதிலும் முக்கியமாக முன்னால்.

ஏன் என்று புரிய, இன்ஜினின் சக்தியைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகிற கிளட்ச் பற்றிச் சொல்லியாக வேண்டும். மேம்பாலத்து ஏற்றத்தில் நெரிசலில் மாட்டிக்கொண்ட பஸ் ஓட்டுநர் கிளட்ச்சைப் பாதி மிதித்தபடி வண்டியை நிறுத்தி, மெல்ல மெல்ல விட்டு நகர்த்துவாரே, பார்த்திருப்பீர்கள். டாப் ஃபியூயல் காரில் நடப்பதும் கிட்டத்தட்ட அதுதான், ஆனால் அங்கே இன்ஜினின் சக்தி 11,000 குதிரைத்திறனுக்கு மேல். மாற்றுவதற்கு கியரே கிடையாது. அவ்வளவு சக்தியும் ஒரே நொடியில் டயருக்குப் போனால் டயர் நின்ற இடத்திலேயே சுழன்று புகையும், கார் நகராது. அதனால் கிளட்ச் பிளேட்டுகளை வேண்டுமென்றே வழுக்க விட்டு, கொஞ்சம் கொஞ்சமாகப் பிடிக்க வைக்கிறார்கள். நம் ஊர் ஒர்க்ஷாப்பில் கிளட்ச் ஸ்லிப் ஆகிறது என்றால் செலவு வந்துவிட்டது என்று அர்த்தம், அங்கே ஸ்லிப் ஆனால்தான் பந்தயமே.

சரி, எந்த நொடியில் எவ்வளவு பிடிக்க வேண்டும்? அதை முடிவு செய்வது ஓட்டுநர் இல்லை. க்ரூ சீஃப் என்கிற தலைமை மெக்கானிக், ஓட்டத்துக்கு முன்பே டைமரில் வைத்துவிடுகிறார். கார் ஓடும்போது கம்ப்யூட்டர் டயரைப் பார்த்து அதைத் திருத்திக்கொள்ள விதியில் இடம் இல்லை. ஆக, பாதையை உற்றுப் பார்த்துவிட்டு அந்த மனிதர் போட்ட கணக்கில் பாதிப் பந்தயம் முன்பே தீர்மானமாகிவிடுகிறது. நாம் பார்க்கிற நான்கு வினாடி, அந்தக் கணக்கு சரியா தவறா என்பதற்கான விடை.

இப்போது ஒரு பிற்பகல் வெயிலை நினைத்துக்கொள்ளுங்கள். பாதை கொதிக்கிறது, பிடிப்பு குறைகிறது. சற்று முன் ஓடிய ஜோடியில் இடது பக்கக் கார் முந்நூறு அடியில் டயரைப் புகைய விட்டு நின்றுவிட்டது. அடுத்து அதே இடது பாதையில் வரப்போகிற காரின் க்ரூ சீஃப் என்ன செய்வார்? பயந்து கிளட்ச் பிடிக்கிற அளவைக் கொஞ்சம் குறைப்பாரா? குறைத்தால் டயர் தப்பிக்கும், ஆனால் எதிராளி வேகமானவர் என்றால் தோல்வி நிச்சயம். குறைக்காவிட்டால் புகை. இதை ஓட்டத்துக்கு முன் ஒருவர் எனக்குச் சொல்லிவிட்டால் நான் நாற்காலி நுனிக்கு வந்துவிடுவேன். சொல்லாவிட்டால் ஏதோ இரண்டு கார் சத்தம் போட்டுக்கொண்டு போனது, அவ்வளவுதான்.

இதைச் சொல்லத் தெரிந்தவர்களில் எனக்கு முதல் ஆள் மைக் டன். அப்பா ஜிம் டன்னும் பந்தயக்காரர், மகன் அந்தச் சூழலிலேயே வளர்ந்தவர். ஃபன்னி கார் என்கிற இன்னொரு பெரிய பிரிவு, டாப் ஃபியூயல் இரண்டிலும் ஜெயித்துவிட்டு ஓட்டுவதை நிறுத்தினார். பிறகு 2015 வரை பல ஆண்டுகள் இஎஸ்பிஎன் சேனல் ஒளிபரப்பில் வர்ணனையாளராக உட்கார்ந்தார். அவர் பேச்சில் கிளட்ச் வராத நாள் குறைவு, எனக்கு அவரைப் பிடித்துப்போனதற்கு அது பெரிய காரணம்.

ஓட்டத்துக்குப் பின்னால் செய்ய வேண்டியதற்கும் ஒரு உதாரணம் சொல்கிறேன், இதை என் மாணவர்களுக்கு ஆட்டோமொபைல் வகுப்பில் போட்டுக் காட்டியிருக்கிறேன். மெதுவாக ஓடும் மறுஒளிபரப்பு. இன்ஜினின் இரு பக்கமும் நான்கு நான்கு புகைக்குழாய், மேல்நோக்கி வெளிப்பக்கம் சாய்ந்தவை. ஏழு குழாயில் தீ, ஒன்றில் மட்டும் வெள்ளையாக ஏதோ பீய்ச்சுகிறது. உடனே கார் பக்கவாட்டில் இழுக்கிறது. ஓட்டுநர் ஸ்டியரிங்கைக் கோட்டை விட்டுவிட்டார் என்று வகுப்பில் எல்லாரும் ஒரே குரலில் சொன்னார்கள். இல்லை, அந்த ஒரு சிலிண்டர் அடிக்கவில்லை. வெள்ளையாகத் தெரிவது எரியாமல் வெளியேறும் நைட்ரோமீத்தேன், அதாவது இந்தக் காரின் எரிபொருள். குழாயிலிருந்து சீறும் வேகமே காரைத் தள்ளுகிற அளவு பலமானது. ஒரு பக்கம் ஒன்று குறைந்தால் மறுபக்கத்து நான்கும் சேர்ந்து, எந்தப் பக்கம் சிலிண்டர் செத்ததோ அந்தப் பக்கமாகவே காரைத் தள்ளிவிடும். கடைசி பெஞ்சில் இருந்த ஒரு பையன் எழுந்து வந்து, படத்தைப் பின்னால் ஓட்டச் சொல்லி, குழாய்களை விரல் வைத்து எண்ணினான். அதற்குப் பிறகு எந்த ஓட்டத்தைப் போட்டாலும் அவன் கண் குழாயில்தான். இந்த வேலையைத்தான் தொலைக்காட்சியில் அந்த நிபுணர் செய்ய வேண்டும்: பார்ப்பவரின் கண்ணை எங்கே வைப்பது என்று சொல்லிவிட வேண்டும்.

அப்புறம் எனக்கு ஒரு குறை உண்டு. ஜெயித்தவரைப் பிடித்து மைக்கை நீட்டினால் அவர் விளம்பரதாரர்களின் பெயரை வரிசையாகச் சொல்வார். அவர்கள் பணத்தில்தான் அணி ஓடுகிறது, அவரைக் குற்றம் சொல்ல மாட்டேன். ஆனால் அதே நேரத்தில் கூடாரத்தில் இன்ஜினை முழுக்கப் பிரித்துக்கொண்டிருப்பார்கள். ஹெட், பிஸ்டன், கிளட்ச் பிளேட் எல்லாம் வெளியே வரும், அடுத்த சுற்றுக்குள் மறுபடி பூட்டியாக வேண்டும். கேமராவை அங்கே கொண்டுபோய், வெந்து நீலம் பாய்ந்த ஒரு பிளேட்டை நிபுணர் கையில் கொடுத்து இரண்டு நிமிடம் பேச விட்டால் போதும். ஓட்டத்துக்கு முன்னால் சொன்ன கணக்கு பலித்ததா என்பது அந்தப் பிளேட்டிலேயே தெரியும்.

நேரம் ஆகிவிட்டது என்று கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து கை காட்டுகிறார்கள். டோனி பெட்ரிகானைப் பற்றி விரிவாகச் சொல்ல நினைத்தேன். 2003, 2007 ஆண்டுகளில் ஃபன்னி கார் சாம்பியன், 2016-இல் ஒளிபரப்பு ஃபாக்ஸ் சேனலுக்குப் போனதிலிருந்து அவர் குரல்தான். விளக்கு எரிந்ததும் யார் எவ்வளவு சீக்கிரம் கிளம்பினார்கள், மெதுவான கார் எப்படி ஜெயித்தது என்பதை ஓட்டுநரின் கண்ணோட்டத்தில் சொல்வார், கேட்டுப் பாருங்கள்.

கடைசியாக விபத்து. 2008 ஜூன் 21-ஆம் தேதி நியூ ஜெர்சியின் இங்கிலிஷ்டவுனில் ஓட்டுநர் ஸ்காட் கலிட்டா பந்தய விபத்தில் இறந்த பிறகுதான் கால் மைலாக இருந்த தூரம் இந்தப் பெரிய பிரிவுகளுக்கு ஆயிரம் அடி ஆனது. அப்படிப்பட்ட நேரத்தில் நிபுணர் ஊகம் சொல்லக் கூடாது. பாராசூட் விரிந்ததா, தீ எங்கே தொடங்கியது, கண்ணுக்குத் தெரிந்தது மட்டும் போதும், ஓட்டுநரின் குடும்பமும் அதைக் கேட்டுக்கொண்டிருக்கும். நேரம் முடிந்துவிட்டது, வணக்கம்.