கவுண்டி எல்லைக்கு இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா?

வணக்கம். அமெரிக்க உழவர்களுக்கு அரசு தரும் மானியத்தைப் பற்றிப் பேச்செடுத்தாலே, "ஏக்கருக்கு எவ்வளவு?" என்றுதான் முதலில் கேட்கிறார்கள். நிலம் எந்தக் கவுண்டியில் (மாநிலத்துக்குள் நம் மாவட்டம் போன்ற பிரிவு) இருக்கிறது என்று தெரியாமல் அதற்கு விடை சொல்ல முடியாது. 99 கவுண்டிகள் கொண்ட ஐயோவா மாநிலத்தில், ஒரு சரளைச் சாலையின் இருபுறமும் ஒரே மண்ணும் ஒரே மழையும் ஒரே மக்காச்சோளமும் இருக்கலாம். ஆனால் அந்தச் சாலையே இரண்டு கவுண்டிகளுக்கு எல்லையாக அமைந்துவிட்டால், இந்தப் பக்கத்து உழவருக்குப் பணம் வரும் ஆண்டில் எதிர்ப்புறத்தவருக்கு ஒரு காசுகூட வராமல் போகலாம்.

2014-ஆம் ஆண்டு வேளாண் சட்டத்தில் வந்த ஏஆர்சி என்னும் வருவாய்க் காப்புத் திட்டம், கவுண்டி அளவில், உழவரின் சொந்தக் கணக்கைப் பார்ப்பதில்லை. கவுண்டி முழுவதற்குமான விளைச்சலை எடுத்து, ஐந்து ஆண்டுகளில் மிக அதிகமானதையும் மிகக் குறைவானதையும் நீக்கிவிட்டு, மீதி மூன்றுக்குச் சராசரி காண்கிறார்கள். விலைக்கும் இதே முறைதான். நானே எண்களை வைத்துக் கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். சராசரி விளைச்சல் ஏக்கருக்கு 180 புஷல் (தானியத்தை அளக்கும் அமெரிக்க அளவு), விலை புஷலுக்கு 4 டாலர் என்றால் ஏக்கருக்கு வருவாய் 720 டாலர். அதில், 2025-க்கு முந்தைய விதிப்படி, 86 சதவீதம், அதாவது சுமார் 619 டாலர் வரை காப்பு உண்டு. அந்த ஆண்டில் கவுண்டியின் விளைச்சல் 160 புஷலுக்கும் விலை 3.60 டாலருக்கும் இறங்கினால் வருவாய் 576 டாலர். குறைகிற 43 டாலரை அரசு தரும். அதையும் 'அடிப்படை ஏக்கர்' என்று பழைய சாகுபடியை வைத்துப் பதிவான பரப்பில் 85 சதவீதத்துக்கு மட்டுமே தரும். பணம் கைக்கு வருவது அடுத்த ஆண்டு அக்டோபரில். (2025-இல் அந்த 86 சதவீதத்தை 90 ஆக்கியிருக்கிறார்கள்.)

ஆகவே, கவுண்டியே நன்றாக விளைந்திருக்க, ஆலங்கட்டி மழையில் தன் வயலை மட்டும் இழந்தவருக்கு இத்திட்டத்தில் ஒன்றும் கிடையாது. அவர் பயிர்க் காப்பீட்டைத்தான் நம்ப வேண்டும். இதில் எனக்குப் பெரிய மனத்தாங்கல் இல்லை. ஒவ்வொரு பண்ணையாகக் கணக்குப் பார்க்கும் செலவு மிச்சமாகிறது. மானியத்தை நம்பிப் பயிரைக் கவனிக்காமல் விடுவதற்கும் வழியில்லை.

2019-இல் நடந்ததைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. சீனாவுடனான வர்த்தகப் போரில் ஏற்பட்ட இழப்புக்காக 2018-இல் சோயா புஷலுக்கு 1.65 டாலரும் மக்காச்சோளத்துக்கு வெறும் 1 சென்ட்டும் கொடுத்தார்கள். மறு ஆண்டு அறிவிப்பு வந்தபோது விதைப்பு முடிந்திருக்கவில்லை. பயிர்வாரியாகத் தொகையைச் சொன்னால் எல்லோரும் மானியத்துக்காகவே சோயா விதைப்பார்கள் என்ற நியாயமான அச்சத்தில், கவுண்டிக்கு ஒரே விகிதம் என்று வைத்து, அந்தக் கவுண்டியின் பழைய பயிர்க் கலவையிலிருந்து அதைக் கணக்கிட்டார்கள். ஏக்கருக்கு 15 டாலரிலிருந்து 150 டாலர் வரை அது மாறியது. மக்காச்சோளம் மட்டுமே விதைத்த இரு உழவர்களில், அண்டை வயல்களில் சோயாவோ பருத்தியோ மிகுதியாக விளையும் கவுண்டியில் இருந்தவர் கூடுதலாகப் பெற்றார். விளைச்சல் இடத்துக்கு இடம் மாறும், சரி. சீனா வாங்காததால் விழுந்த விலை கவுண்டி எல்லையைப் பார்த்தா விழுந்தது?

ஒன்று சொல்ல வேண்டும்: கவுண்டிவாரியாக வெளியாகும் மானியப் பட்டியல்களைப் பார்த்து, பெரிய தொகை வாங்கியவரே அதை அனுபவித்தார் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். நிலம் ரொக்கக் குத்தகையில் இருந்தால் மானியம் குத்தகைதாரர் பெயரில்தான் வரும். விளைச்சலைப் பங்கிடும் வாரமுறையில் நில உடைமையாளருக்கும் அதில் பங்கு உண்டு. ரொக்கக் குத்தகையிலோ, நல்ல மானியம் வந்த கவுண்டியில் அடுத்த ஒப்பந்தம் போடும்போது உடைமையாளர் குத்தகையை ஏற்றிக் கேட்கலாம். அவ்வாறு கைமாறும் பணம் அந்தப் பட்டியலில் எங்கும் பதிவாகாது.