கிரைண்டர் ஆர்மேச்சருக்குத் தடிச்ச கம்பி போட்டா தாங்குமா?

வணக்கம். குளச்சல்ல இருந்து ஒரு நேயர் கேட்டிருக்காரு. பைபர் வள்ளம் தேய்க்கிற நாலு இஞ்சு கிரைண்டர், ஆர்மேச்சரை (மோட்டாருக்குள்ள சுத்துற, செம்புக்கம்பி சுத்தின உருளை) ரெண்டு தடவை புதுக் கம்பி போட்டுக் கட்டியும் மூணு மாசத்துல புகைஞ்சுடுது, அடுத்த தடவை ஒரு கேஜ் தடிச்ச கம்பி போடலாமான்னு.

வேண்டாம். 36 கேஜ் கம்பி 0.193 மில்லிமீட்டர், 35 கேஜ் 0.213. பாக்க துளி வித்தியாசம்தான், ஆனா செம்போட பரப்பு 22 சதவீதம் கூடுது. கம்பி படுக்கிற பள்ளம், அதான் ஸ்லாட், அதே ஸ்லாட்தானே? அடங்காது. அடக்கணும்னா சுத்தைக் குறைக்கணும். சுத்து குறைஞ்சா வேகம் ஏறும், கரண்ட் கூட இழுக்கும், கரண்டைக் கடத்துற கார்பன் பிரஷ்ல தீப்பொறி பறக்கும். பழைய காயிலைப் பிரிக்கும்போது எத்தனை சுத்து, என்ன கேஜ், முனை கம்யூட்டேட்டர்ல (பிரஷ் உரசுற செம்புக் கட்டை வளையம்) எந்தக் கட்டைக்குப் போகுது, மூணையும் எழுதி வச்சு அப்படியே கட்டுங்க. முனை ஒரு கட்டை தள்ளிப் போனாலும் பொறிதான்.

உங்க மெஷினைக் கொல்றது கம்பி இல்ல, கண்ணாடித் தூசி. கிரைண்டர் பின்பக்கமா காத்தை இழுக்குது. அந்தத் தூசி நேரா கம்யூட்டேட்டர் பக்கத்துக் காயில் தலையில, அதாவது ஸ்லாட்டுக்கு வெளிய நிக்கிற வளைவுலதான் மோதும். பழைய ஆர்மேச்சரை வெளிச்சத்துல பிடிச்சுப் பாருங்க, அந்த இடத்துல மட்டும் கம்பி மேல இருக்கிற எனாமல் பூச்சு தேஞ்சு செம்பு மினுங்கும். அதுமேல உப்புக்காத்து ஈரம் படிஞ்சா சுத்துக்குச் சுத்து ஷார்ட்டு.

அதனால காசை வார்னிஷ்ல போடுங்க. நம்ம ஊர்ல ஆடிச் சாரலும் உண்டு, ஐப்பசி மழையும் உண்டு. கட்டி முடிச்ச ஆர்மேச்சர்ல ஈரம் இருக்கும். முதல்ல 100, 110 டிகிரியில ரெண்டு மணி நேரம் சூடாக்கணும். கை பொறுக்குற சூட்டுக்கு ஆறினதும் கம்யூட்டேட்டர் மேல வர்ற மாதிரி செங்குத்தா வார்னிஷ்ல இறக்குங்க, கம்யூட்டேட்டர் நனையப்பிடாது. குமிழி வர்றது நிக்கிற வரைக்கும் கிடக்கட்டும். வடிய விட்டு, டின்ல போட்டிருக்கிற சூட்டுல, போட்டிருக்கிற நேரம் வேக வைங்க. பல்பு பெட்டிக்குள்ள வச்சு எடுத்தா மேல காஞ்ச மாதிரி இருக்கும், உள்ள பசையா நிக்கும். அந்தக் காயில் ஓடும்போது அசையும், ஒன்னோட ஒன்னு உரசும். இதே மாதிரி இன்னொரு தடவை முக்குங்க.

முக்குறதுக்கு முன்னாடி, காயில்ல இருந்து கம்யூட்டேட்டருக்குப் போற முனைகளை நூல் போட்டு இறுக்கிக் கட்டியிருக்கணும், கேட்டியளா. இல்லன்னா அதிர்வுல வேர்லயே அறுந்துடும்.

கடைசியா தூசி மோதுற அந்தக் காயில் தலைக்கு மட்டும் சூடு தாங்குற எபாக்ஸி, மெல்லிசா ஒரு பூச்சு. வள்ளத்துக்கு வச்சிருக்கிற ரெசின் கையில இருக்கேன்னு அதைத் தடவிடாதீங்க, அந்தச் சூட்டுக்கு அது இளகும், வெடிக்கும். பூசினதும் பேலன்ஸ் பாக்கணும். நிமிஷத்துக்கு 11,000 சுத்து ஓடுற சாமான், ஒரு பக்கம் கனம் கூடினா பேரிங் போயிடும்.

ஆர்மேச்சரைக் குரோலர்ல (காயில் ஷார்ட்டைக் கண்டுபிடிக்கிற காந்தக் கருவி) வச்சு ஒவ்வொரு ஸ்லாட் மேலயும் ஹேக்சா பிளேடைப் பிடிங்க; அதிர்ந்து ரீங்காரம் போட்டா அந்தக் காயில் ஷார்ட்டு. 500 வோல்ட் மெக்கர்ல (இன்சுலேஷன் அளக்கிற மீட்டர்) கம்பிக்கும் பாடிக்கும் நடுவுல ஒரு மெகாஓமுக்குக் கீழ காட்டினா மாட்டாதீங்க. ஆர்மேச்சரைச் சுத்தி அசையாம நிக்கிற ரெண்டு ஃபீல்டு காயிலையும் தனித்தனியா அளந்து பாருங்க. ஒன்னு குறைவா காட்டினா அதை மாத்தாம புது ஆர்மேச்சரைப் போட்டா அதுவும் எரிஞ்சுதான் வரும்.